ஐந்தாம் கால்

பிப்ரவரியில் வலை எடையே இல்லாமல் மேலே வரும்.
கயிற்றைச் சுற்றிக்கொண்டே அடெலினோ
"வெறும் தண்ணீர்" என்பார்.
கேப் வெர்டேயில் பிறந்த படகுக்காரர்,
மீன் இல்லாததெல்லாம் அவருக்கு வெறும் தண்ணீர்.
போத்தலை வெளிச்சத்தில் பிடிக்கிறேன்.
தூசி துடிக்கிறது.
நெற்றியில் இரண்டு கொம்போடு
கொட்டலசுக் குஞ்சுகள்,
ஒட்டிக்கொள்ளக் கல் தேடி அலைகின்றன.

கழி என்றால் உப்பங்கழி.
கழி என்றால் கழித்துவிடு.
பாடக்கெட் நகரம் இரண்டு பொருளையும்
ஒரே குழாயில் சீகாங்க் ஆற்றுக்குள் விடுகிறது.
குழாயின் மறுமுனையில்,
நுரை பொங்கும் தொட்டிகளுக்கு நடுவே,
இரவுப்பணியில் நாவரசு.
என் கணவர்.
அவர் வடித்ததற்குத் தப்பி வருவது நைட்ரஜன்.
ஊரின் அத்தனை குளியலறைகளும்
ஏப்ரலில் என் வலையில் பச்சையாகப் பூக்கின்றன.
"ஆலை நேற்றுத் தூங்கிவிட்டதா?"
"ஊர் அதிகம் சாப்பிட்டுவிட்டது."
இந்த உரையாடல் நடப்பது
குளிர்பதனப் பெட்டியின் கதவில்,
மஞ்சள் காகிதத்தில், ஒரு நாள் இடைவெளியில்.

நெய்தலுக்கு ஆறு பருவமும் உண்டென்று
பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்தேன்.
என் நெய்தலுக்கு இரண்டுதான்:
குளிர்காரி, வெயில்காரி.
இரண்டும் அகார்சியா என்னும் துடுப்புக்காலிகள்.
ஒரு மில்லிமீட்டர் நீளம்,
ஒரே உணர்கொம்பு, ஒரே சிவப்புக் கண்.
மே மாதம் முழுதும் குளிர்காரியின் ஆட்சி,
ஒரு குவளையில் ஒரு திருவிழாக் கூட்டம்.
ஜூன் கடைசியில் நீர் இருபது பாகையைத் தொட்டதும்
முட்டைகளைச் சேற்றில் இறக்கிவிட்டு
அவள் இல்லாமல் போகிறாள்.
அதே சேற்றிலிருந்து, அதே வாரம்,
குளிர் முழுக்கத் தூங்கிய மற்றவளின் முட்டைகள்
கண் விழிக்கின்றன.
ஒரே படுக்கைதான்.
சூடு ஆறுவதற்குள் அடுத்த ஆள்.

ஆகஸ்ட் பற்றி எழுதப் பிடிக்கவில்லை.
சீப்பு ஜெல்லிகள் வந்தன.
வலை எடுத்தால் கண்ணாடிக் கஞ்சி,
விரலிடுக்கில் வழிந்து போனது.
வெயில்காரியை எண்ணத் தேவையிருக்கவில்லை:
ஏழு. மறுவாரம் இரண்டு.
அடி நீரில் மூச்சு இல்லை.
அழுகிய முட்டை நாற்றம் பாலத்தின் மேலேறி
காரில் போகிறவர்களின் கண்ணாடியை ஏற்றவைத்தது.
அடெலினோ அன்று ஒன்றும் சொல்லவில்லை.
செத்து மிதந்த மத்திகளைத்
துடுப்பால் மெல்ல விலக்கி ஓட்டினார்.
கதவில் காகிதம்:
"காற்றைக் கூட்டி வைத்திருக்கிறேன். முடிந்தது அவ்வளவுதான்."
அதற்கு நான் பதில் எழுதவில்லை.
கிழிக்கவும் இல்லை.

நவம்பர் பதினொன்று.
நாலரை மணிக்கே எற்பாடு.
எண்ணும் கருவியில் இடது பொத்தான் குளிர்காரிக்கு,
வலது பொத்தான் வெயில்காரிக்கு.
வருடத்தின் பெரும்பகுதி ஒரு கை சும்மா இருக்கும்.
இன்று முதல் துளியிலேயே சந்தேகம்.
பெண்களில் இவள் அவளா என்று
முகம் பார்த்துச் சொல்ல முடியாது.
ஊசியால் திருப்பி
ஐந்தாம் காலைப் பிரித்துப் பார்க்கவேண்டும்.
பிரித்தேன்.
இவள் அவள் இல்லை.
அருகில் கிடந்தவளைப் பிரித்தேன்.
அவள்.

டக். டக்.
இரண்டு கையும்.

ஃபார்மலினில் எல்லாம் செத்தவைதான்,
எனக்குத் தெரியும்.
ஆனாலும் காலையில், வலைக்கு முன்,
பதினோரு பாகை நீரில்
ஒருத்தியின் துடுப்பு கிளப்பிய சுழி
மற்றவளைத் தொட்டிருக்கும்.

வீடு திரும்பியபோது அவர் கிளம்பிப் போயிருந்தார்.
காகிதத்தில் எழுதினேன்:
"இரண்டும் ஒரே துளியில். மோர்க்குழம்பு உள்ளே இருக்கிறது."
விடிந்தபோது அதன் கீழே
அவர் கையெழுத்து:
"எத்தனை?"
படுக்கையறையில் குறட்டை.
காலணியைக் கழற்றாமல் வாசலில் நின்றேன்,
அடெலினோ ஒருமுறை ஹாரன் அடிக்கும்வரை.